கோத்தகிரிப் பக்கம்: தண்ணீர் கேட்காத மலைப்பூச்செடிகளை விதையிலிருந்து வளர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

#1 கட்டபெட்டான்

எல்லோருக்கும் வணக்கம். கட்டபெட்டு பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் சரிவு நிலம். ரிட்டயர் ஆனபின் இங்கேயே வந்துவிட்டோம். வீட்டில் ஹைட்ராஞ்சியா, ஜெரேனியம், அகபாந்தஸ் என்று வைத்திருக்கிறார்கள். டிசம்பர் வரை பார்க்க நன்றாக இருக்கும். பிப்ரவரி பிறந்தால் கிணற்றில் அடிமண் தெரிகிறது. குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும்போது ஹைட்ராஞ்சியாவுக்குக் குடம் குடமாக ஊற்ற மனசு வரவில்லை.

ஆனால் ரோட்டோரத் திட்டில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில், மார்ச் மாத வெயிலிலும் மஞ்சளும் ஊதாவுமாக ஏதோ பூத்துக் கிடக்கிறது. அந்த மாதிரிச் செடிகள்தான் வேண்டும். வருடா வருடம் விதைக்காமல் தானாக நிற்க வேண்டும். இந்த மலையின் சொந்தச் செடியாக இருக்க வேண்டும். நர்சரியில் கேட்டால் சிரிக்கிறார்கள். விதையிலிருந்து கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஆன்லைனில் ‘வைல்ட் பிளவர் மிக்ஸ்’ என்று ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறேன். வறட்சி தாங்கும் நேட்டிவ் செடிகள் என்று போட்டிருக்கிறது. அதைத் தூவலாமா?

#2 தேயிலைத்தூள்

பாக்கெட்டைப் பிரிக்காதீங்க சார். பின்பக்க லேபிளைப் படிச்சுப் பாருங்க. காஸ்மாஸ், கலிபோர்னியா பாப்பி, கோரியாப்சிஸ், கெயிலார்டியா இதுங்கதான் பெரும்பாலும் இருக்கும். நேட்டிவ்னு போட்டது பொய்யில்ல, அமெரிக்காவுக்கு நேட்டிவ்.

காஸ்மாஸ் ஏற்கெனவே ரோட்டோரம் பூரா இருக்கு. இன்னும் ஒரு கைப்பிடி நீங்களும் சேர்க்கணுமா?

#3 மன்னவனூரான்

அண்ணே, நான் கொடைக்கானல் மேல்மலைக்காரன். உங்க மலை வேற, எங்க மலை வேறன்னாலும் புல்வெளி ஒண்ணுதான். நீங்க பாத்த மஞ்சப்பூ ஹைப்பெரிக்கமா இருக்கும். இடுப்பளவு புதர், அஞ்சு இதழ், நடுவுல குஞ்சம் மாதிரி நிறைய மகரந்தக் கேசரம். ஊதா நிறத்துல பெரிய பூவா இருந்தா ஆஸ்பெக்கியா. இலையில நீளவாக்குல நரம்பு ஓடும், தொட்டா சொரசொரன்னு இருக்கும். இது ரெண்டும் ஒரு தடவை வேர் பிடிச்சுட்டா உங்க தயவு அதுக்கு வேணாம்.

இன்னும் சொல்றேன். அனாஃபலிஸ்னு ஒண்ணு, இலை வெள்ளிப் பூச்சு பூசினாப்ல இருக்கும். பூவைப் பறிச்சு வீட்ல தொங்கவிட்டா காய்ஞ்சாலும் வெள்ளை வெள்ளையாவே நிக்கும். கிலுகிலுப்பையில பல வகை இருக்கு, பல்லாண்டு நிக்கிற வகையாப் பாத்து எடுக்கணும். தும்பையிலயும் மலைவகை புதரா நிக்கிறது உண்டு, கீழ்நாட்டுத் தும்பை மாதிரி ஒரு மழையோட முடிஞ்சு போறதில்ல. பாறை இருந்தா சயனோட்டிஸ் வைங்க. கலாஞ்சோவுல மஞ்சப்பூ பூக்கிற நம்ம மலைவகை ஒண்ணு இருக்கு, அதுவும் பாறை இடுக்குல அருமையா உக்காந்துக்கும்.

இதுங்க எல்லாம் மார்ச்சுல மேல காய்ஞ்சாப்ல தெரியும். செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. அடித்தூரு கட்டையா, உயிரா இருக்கும். பனி கருக்கினாலும், மாடு மேஞ்சாலும், ஒரு கோடை மழைக்குத் திரும்ப வெடிச்சு வந்துரும். தண்ணி இல்லாம நிக்கிற ரகசியம் அந்த அடித்தூருலயும் வேர்லயும்தான் இருக்கு. விதையில இருந்து வளக்குறவங்க முதல் வருஷம் ஏமாந்து போறதும் இதாலதான். மேல ரெண்டு விரல் உயரம்கூட வராது, எல்லாம் கீழ போய்க்கிட்டிருக்கும்.

#4 கட்டபெட்டான்

பாக்கெட்டை அலமாரியில் போட்டுவிட்டேன். மன்னவனூரார் சொன்ன பட்டியலுக்கு நன்றி. ஒரு ஆசை கேட்கிறேன், நீலக்குறிஞ்சி வளர்க்க முடியுமா? இந்தப் பக்கம் வீடு வைத்துக்கொண்டு குறிஞ்சி இல்லாமல் எப்படி?

#5 பெருமாள்மலை டீச்சர்

சார், முதலில் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் நீலக்குறிஞ்சி அட்டவணை 3-க்குள் வந்துவிட்டது. பறிப்பது, பிடுங்குவது மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் குற்றம். கொல்லையில் வைப்பதை மறந்துவிடுங்கள்.

சட்டம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு அது சரிப்படாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகள் வெறும் இலையும் தண்டுமாக வளரும். ஒரே பருவத்தில் மலையே பூக்கும், விதை போடும், அத்தோடு காய்ந்துவிடும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் அங்கங்கே சில கூட்டம் வேறு ஆண்டுகளில் பூப்பதும் உண்டு. நீங்கள் கேட்பது வருடா வருடம் பூத்து நிற்கிற செடி. குறிஞ்சியின் போக்கே வேறு.

இதோடு இன்னும் சிலவற்றையும் விட்டுவிடுங்கள். புல்வெளியில் தரையில் முளைக்கும் ஆர்க்கிட்கள், சத்தீரியம் போன்றவை. அவற்றின் விதை தூசியைவிட நுண்மையானது, உள்ளே சேமித்த உணவே கிடையாது. மண்ணில் உள்ள பூஞ்சை ஒன்று உணவு கொடுத்தால்தான் முளைக்கும். தொட்டியில் தூவினால் ஒன்றும் நடக்காது. கிழங்கைத் தோண்டி எடுத்து வருவது அதைவிட மோசம். பெடிக்குலாரிஸ் என்று இளஞ்சிவப்புப் பூ ஒன்று, புல்லின் வேரில் தன் வேரைக் கோத்து உறிஞ்சி வாழ்வது. அதுவும் தனித் தொட்டியில் நிற்காது. காசித்தும்பையின் மலைவகைகளுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், உங்கள் சரிவில் பிப்ரவரியிலேயே போய்விடும்.

#6 தேயிலைத்தூள்

டீச்சர் சொன்னதைக் கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஆன்லைன்ல ‘குறிஞ்சி நாற்று’ன்னு விக்கிறாங்களே, அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. 12 வருஷம் கழிச்சுத்தான கேள்வி கேக்க முடியும்! இதைவிடப் பாதுகாப்பான வியாபாரம் உலகத்துல உண்டா?

#7 கோடப்பமந்து மருமகள்

நான் ஊட்டியில் வீட்டுத் தோட்டத்தில் ஆஸ்பெக்கியா, ஹைப்பெரிக்கம், அனாஃபலிஸ் மூன்றும் விதையிலிருந்து எடுத்திருக்கிறேன். செய்முறையை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதை சேகரிப்பதற்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். பூத்திருக்கும்போதே செடியில் ஒரு கலர் நூலைக் கட்டிவிடுங்கள். காய்ந்தபின் எல்லாம் ஒரே பழுப்பு, எது எது என்று தெரியாது. பட்டா நிலத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் மாமனாரின் ஹட்டியில் (படுகர் ஊர்) தேயிலைக்கு நடுவே உழாத மேடு ஒன்று இருக்கிறது, எனக்கு விதை எல்லாம் அங்கிருந்துதான். காய் பச்சையாக இருக்கும்போது எடுத்தால் வீண். ஆஸ்பெக்கியாவின் காய் சின்னச் சொம்பு மாதிரி இருக்கும். வாய் திறந்து, ஆட்டினால் பொடி கொட்ட வேண்டும், அதுதான் பக்குவம். காகிதக் கவரில் போட்டு நிழலில் காய விடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பிறகு டீ வடிகட்டியில் சலித்தால் குப்பை மேலே நிற்கும், விதை கீழே இறங்கும்.

விதைக்கிற பெட்டிக்கு மீன்கடைத் தெர்மாகோல் பெட்டி போதும். நன்றாகக் கழுவி அடியில் ஓட்டை போடுங்கள். மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, சலித்த இலைமக்கு அரைப் பங்கு. எரு சேர்க்கவே கூடாது. கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் களைவிதையும் பாசியும் பாதி குறையும்.

இப்போது முக்கியமான இடம். இந்த மூன்றுக்கும் விதை பொடி போல இருக்கும், அவற்றை மண்ணால் மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். விதையை உலர்ந்த மணலோடு கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஊற விடுங்கள். மேலே கண்ணாடித் துண்டு ஒன்றை மூடி, நேர் வெயில் படாத ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள்.

முளைத்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காற்று விட வேண்டும். ஊட்டி ஜூன் மூடுபனியில் நாற்றழுகல் வந்தால் ஒரே ராத்திரியில் பெட்டி காலி. நெருக்கமாகத் தூவாமல் இருப்பதும், காற்றும், அடித்தண்ணீரும்தான் அதற்கு மருந்து. நாலு இலை வந்தபின் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துத் தனித்தனிப் பையில் மாற்றுங்கள். பை ஆழமாக இருக்கட்டும். மன்னவனூரார் சொன்ன மாதிரி வேருக்குத்தான் இடம் வேண்டும்.

#8 கட்டபெட்டான்

அடேயப்பா, பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன் மேடம். ஒரு சந்தேகம். யூடியூபில் ஈரத்துணியில் விதையைச் சுற்றி ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்கச் சொல்கிறார்களே? குளிர் காட்டினால்தான் காட்டுப்பூ முளைக்கும் என்று.

#9 பெருமாள்மலை டீச்சர்

அந்த வீடியோக்கள் பனி கொட்டும் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. அங்கே விதை இலையுதிர் காலத்தில் விழும். உடனே முளைத்தால் பனியில் நாற்று செத்துப்போகும். அதனால் சில வாரம் ஈரக்குளிரில் கிடந்தால் மட்டும் திறக்கிற பூட்டு அந்த விதைகளுக்கு உண்டு. அவர்கள் ஃப்ரிட்ஜில் வைப்பது அந்தக் குளிர்காலத்தைப் போலியாகக் காட்டத்தான்.

நம் மலையில் நடப்பதைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் விதை உதிர்கிறது. ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகலில் நல்ல வெயில், மண் வறட்சி. ஏப்ரலில் கோடை மழை வந்ததும் முளைக்க வேண்டும். இங்கே விதைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஈரக்குளிர் அல்ல, உலர்ந்த ஓய்வு. ஜனவரியில் எடுத்த விதையைக் காகிதக் கவரில் ஏப்ரல் வரை சும்மா வைத்திருந்தாலே போதும்.

கிலுகிலுப்பை, அவுரி இனங்களுக்குக் கதை வேறு. பயறு குடும்பம், விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதையுங்கள், உப்பாததை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். இவற்றை மண்ணுக்குள் விதையின் பருமன் அளவு ஆழத்தில் புதைக்கலாம்.

அனிமோனி போன்ற ஒன்றிரண்டு மட்டும் தனி ரகம். விதைக்குள் கரு முழுதாக வளராமலேயே உதிரும், பிறகு மெல்ல வளர்ந்து முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவும் ஈரப்பாங்கான இடத்துச் செடி, உங்கள் பட்டியலில் வேண்டாம்.

#10 மன்னவனூரான்

டீச்சர் சொன்னா சரிதான். ஆனா ஃப்ரிட்ஜை ஒரேயடியா ஒதுக்க வேணாம். முளைக்க வைக்கிறதுக்கு இல்ல, பத்திரமா வைக்கிறதுக்கு. நல்லாக் காய்ஞ்ச விதையைச் சின்னப் பாட்டில்ல காத்துப் புகாம மூடி வச்சா அடுத்த வருஷத்துக்கும் ஆகும். மழைக்காலத்துல நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற ஈரத்துக்கு மேசையில வச்ச விதை தாங்காது. அனாஃபலிஸ் மட்டும் அந்தந்த வருஷமே விதைச்சுடுங்க.

எப்ப நடுறதுங்கிறதை யாரும் பேசல. எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. செப்டம்பர் கடைசியில நட்டா வேர் இறங்கிரும்.

#11 கோடப்பமந்து மருமகள்

செப்டம்பர் கடைசியில் நட்டால் மூன்று மாதம்கூட ஆகாமல் உறைபனியும் வறட்சியும் சேர்ந்து வந்துவிடும் அண்ணா. ஜூன் முதல் மழையில் நட்டால் ஆறு மாதம் கிடைக்கிறது. நாங்கள் அப்படித்தான். ஏப்ரலில் பெட்டியில் தூவி, ஒரு வருடம் பையிலேயே வைத்திருந்து, அடுத்த ஜூனில் தரைக்கு.

#12 மன்னவனூரான்

ஊட்டி மேக்குப் பக்கத்துக்கு அது சரி தங்கச்சி. அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல பெஞ்சுச்சு. ஆனா அவரு இருக்கிறது கோத்தகிரி. கிழக்கு முகம். அங்க ஜூன் மழை சிணுங்கிட்டுப் போயிரும், வடகிழக்குப் பருவம்தான் கொட்டும். ஜூன்ல நட்டு ஆகஸ்ட்ல காய விட்டா யாரு பதில் சொல்றது?

#13 வேர்ப்பிடி

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கோத்தகிரிக்கு ரெண்டு பருவமும் உண்டு, ஆனா பெருமழை அக்டோபர், நவம்பர்லதான். ஒரு வருஷம் பையில வளந்த நாத்தா இருந்தா செப்டம்பர்ல நடலாம், வேர் உருண்டையே பனியையும் வறட்சியையும் தாங்கிடும். அந்த வருஷம் முளைச்ச குட்டி நாத்தை எந்த மாசம் நட்டாலும் முதல் கோடைக்குத் தண்ணி ஊத்தித்தான் ஆகணும். தண்ணீர் கேட்காத செடின்னு நீங்க எல்லாம் சொல்றது ரெண்டாவது வருஷத்துல இருந்துதான். சாருக்கு இதைத் தெளிவாச் சொல்லிடுங்க.

நான் சீகை மரம் (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம்) எடுத்த இடத்துல புல்வெளி மீட்கிற வேலையில கூலிக்குப் போனவன், இப்ப நாத்துப்பண்ணையில இருக்கேன். விதை முளைக்க வைக்கிறது பெரிய விஷயமே இல்ல. நடுற மண்ணுதான் விஷயம். கட்டபெட்டான் சார், உங்க சரிவுல இப்ப என்ன இருக்கு?

#14 கட்டபெட்டான்

பாதி கிக்கூயூ புல். மேல் ஓரத்தில் சீகை இரண்டு மூன்று, கீழே உண்ணிச்செடி. நான் ஜே.சி.பி. விட்டு எல்லாவற்றையும் வழித்துவிட்டு இரண்டு லோடு கோழி எரு அடித்துவிடலாம் என்று யோசித்திருந்தேன்.

#15 வேர்ப்பிடி

ஜே.சி.பி. வேணவே வேணாம் சார். 2009 நவம்பர் மழையில கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. உங்க ஊர்க்காரங்களைக் கேளுங்க, சொல்வாங்க. சரிவுல மண்ணைத் தொறந்து போட்டா அக்டோபர்ல அது உங்க வீட்டுக்குள்ள வரும். அதுக்கு மேல, மண்ணைப் புரட்டினா அடியில கிடக்கிற சீகை விதைக்கெல்லாம் விடிவுகாலம். அது அம்பது வருஷம்கூட உயிரோட மண்ணுல கிடக்கும். மேல எடுத்துப் போட்டா மெத்தை விரிச்சாப்ல முளைக்கும்.

கோழி எருவும் வேணாம். நம்ம புல்வெளி மண்ணு புளிப்பு மண்ணு, சத்து கம்மி. அந்தக் கம்மியிலதான் இந்தச் செடிங்க மத்ததை ஜெயிக்குது. எரு போட்டீங்கன்னா கிக்கூயூ முழங்கால் உயரம் வந்து உங்க நாத்தை மூடிரும். கேரட், உருளைக்குப் போடுங்க, இதுக்கு வேணாம். சுண்ணாம்பும் போடாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான். ஒரேடியா எல்லா இடத்தையும் தொடாம, மேல இருந்து ஒரு பாத்தி அகலத்துக்கு எடுத்துக்குங்க. கிக்கூயூ மேல பழைய பிளக்ஸ் பேனரைக் கவுத்துப் போட்டு ஓரமெல்லாம் கல்லு வைங்க. ஜனவரியில போட்டா மழை வர்றதுக்குள்ள வெளுத்துச் செத்துரும். அப்புறமும் ஓரத்துல இருந்து ஓடி வரும், கையாலதான் எடுக்கணும். கணு ஒண்ணு விட்டாலும் திரும்பத் தழையும். உண்ணிச்செடியைத் தூரோட வெட்டி எடுங்க, மண்ணைத் தோண்ட வேணாம். சீகை குட்டிகளை மழை பெஞ்ச மறுநாள் மண்ணு இளகியிருக்கிறப்ப பிடுங்கிடுங்க. பெரிய மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல பர்மிஷன் கேளுங்க, பட்டா நிலமா இருந்தாலும் இங்க அது வேணும்.

பூச்செடியை மட்டும் நடாதீங்க. கொத்துப்புல்லும் கூட வேணும். புல்லைத் தூர் பிரிச்சு நட்டா போதும், விதைக்குக் காத்திருக்க வேணாம். ரெண்டு புல் கொத்துக்கு நடுவுல ஒரு பூநாத்து. புல்லு மண்ணைப் பிடிக்கும், வெயிலை மறைக்கும், கிக்கூயூவுக்கு இடம் விடாது.

#16 பெருமாள்மலை டீச்சர்

வேர்ப்பிடி எழுதியதை எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒட்டி வைக்கலாம். பழனி மலையின் உச்சிப் புல்வெளியில் நாற்பது ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-ல் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும்தான் காரணம். மரம் இல்லாத இடம் என்றால் வெற்றிடம் என்று நினைத்துத் தலைமுறை தலைமுறையாக மரம் நட்டோம். பள்ளிக்கூடங்களில் இன்னும் மரம் நடு விழாதான் நடக்கிறது, புல் நடு விழா என்று ஒன்று வைத்தால் தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

#17 தேயிலைத்தூள்

எல்லாம் சரி, ஒரு நடைமுறைப் பிரச்சினையை யாரும் சொல்லல. இந்தச் செடிங்க வீட்டு முன்னாடி நின்னா பாக்கிறவங்க என்ன சொல்வாங்க? போன வருஷம் நான் ஒரு மூலையை இப்படி விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, ‘ஆள் கிடைக்கலையா, களை எடுக்க நான் ஆள் அனுப்பட்டுமா’ன்னு கேட்டார். எங்க வீட்டம்மா அதுல இருந்து அந்த மூலைக்குப் பேரே ‘உங்க காடு’ன்னு வச்சுட்டாங்க.

#18 கோடப்பமந்து மருமகள்

அதற்கு ஒரே வழி ஓரம் கட்டுவது. நடைபாதை ஓரத்தில் கல் வரிசை ஒன்று வைத்து, அதை ஒட்டி அனாஃபலிஸை நெருக்கமாக நட்டுவிடுங்கள். வெள்ளி இலை வரிசையாக நின்றால் பார்ப்பவர்களுக்கு ‘வேண்டும் என்றே வைத்தது’ என்று புரிந்துவிடும். உள்ளே என்ன வேண்டுமானாலும் வளரட்டும். உயரமானது பின்னால். என் மாமியாரே இப்போது விருந்தாளிகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறார்.

காட்டெருமை வந்தால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ரோஜாவையும் பீன்ஸையும் தின்கிற அளவு இவற்றைத் தின்பதில்லை. மிதித்துப் போனாலும் அடியிலிருந்து தழைக்கிறது. கிழங்குச் செடிகளைத்தான் முள்ளம்பன்றி விடுவதில்லை.

#19 கட்டபெட்டான்

இன்று விதை பார்க்கக் கிளம்பினேன். வீட்டுக் கருங்கல் சுவரிலேயே சின்னச் சின்ன வெள்ளைப் பூ, சில நாளில் ரோஜா நிறமாக மாறுகிறது, தண்ணீரே இல்லாமல் கல் இடுக்கில் கொழிக்கிறது. இதைவிட வறட்சி தாங்கும் செடி வேண்டுமா? விதை நிறைய எடுத்துவிட்டேன். மேலே ரோட்டில் மஞ்சள் பூப் புதர் ஒன்றும் கிடைத்தது, கையில் முள் குத்திவிட்டது. இன்னொன்று, நர்சரியில் ஆஸ்பெக்கியா கேட்டேன், இருக்கிறது என்று ஆளுயரச் செடி ஒன்றைக் காட்டினார்கள், கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலப் பூ.

#20 பெருமாள்மலை டீச்சர்

சார், மூன்றும் வெளியூர்க்காரர்கள்!

சுவரில் இருப்பது எரிஜெரான், மெக்சிகோவின் டெய்சி. விதைக்குப் பஞ்சு உண்டு, காற்றில் போகும். எடுத்த விதையை அடுப்பில் போடுங்கள். முள் குத்திய மஞ்சள் புதர் கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்தது, பூ அவரைப்பூ வடிவில் இருக்கும். முள் இல்லாமல் அதே மாதிரி மஞ்சள் அவரைப்பூ என்றால் ஸ்காட்ச் புரூம், அதுவும் வேண்டாம். நீங்கள் தேடும் ஹைப்பெரிக்கத்துக்கு முள் கிடையாது, பூ அகல விரிந்து நிற்கும், இலை எதிரெதிராக அமைந்திருக்கும்.

நர்சரியில் காட்டியது டிபுச்சினா, பிரேசில் செடி. ஆஸ்பெக்கியாவின் குடும்பம்தான், அதனால் இலை நரம்பு ஒரே மாதிரி இருக்கும். உங்களை யாரும் வேண்டுமென்று ஏமாற்றியிருக்க மாட்டார்கள், நர்சரிகளில் பலருக்கும் அந்தக் குழப்பம் உண்டு. நம் ஆஸ்பெக்கியா இடுப்பளவுக்கு மேல் போவது அபூர்வம், காய்க்கு அந்தச் சொம்பு வடிவம் இருக்கும்.

பூக்கும்போது படம் எடுத்து இங்கே போடுங்கள். விதை எடுப்பது அதற்குப் பிறகு.

#21 தாண்டிக்குடியான்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நாங்கள் கீழ்மலை, காபித் தோட்டம். உறைபனி கிடையாது. இதே மாதிரி எங்களுக்கு என்ன வைக்கலாம்?

#22 மன்னவனூரான்

உங்களுக்கென்ன அண்ணே, செங்காந்தள் இருக்கே! கண்வலிக்கிழங்குன்னு ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பந்தல் போட்டு வளக்குறாங்க. கோடையில மேல முழுசாக் காய்ஞ்சு கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும், மழைக்கு எந்திரிக்கும். விதையில இருந்தும் வரும், ஆனா முளைக்கவே மாசக்கணக்குல ஆகும், பூக்க வருஷங்கள் ஆகும். கிழங்கு, விதை எல்லாமே கடும் விஷம், வீட்ல குழந்தைங்க, ஆடு மாடு இருந்தா வேலிக்கு வெளியில வைங்க. மேல எங்க பனிக்கு அது ஆகாது.

#23 கட்டபெட்டான்

(ஆகஸ்ட்) பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். மருமகள் மேடம் ஹட்டியிலிருந்து கொடுத்த விதையை ஏப்ரலில் விதைத்தேன். கிலுகிலுப்பை ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஹைப்பெரிக்கம் பரவாயில்லை. ஆஸ்பெக்கியாப் பெட்டியில் பச்சையாக ஒரு படலம் மட்டும் இருக்கிறது, அது நாற்றா பாசியா தெரியவில்லை. பையில் மாற்றிய ஹைப்பெரிக்கம் ஒரு விரல் உயரத்திலேயே நிற்கிறது. கொஞ்சம் டி.ஏ.பி. உரம் கரைத்து ஊற்றலாமா? மேலே பிளக்ஸ் போட்ட பாத்தி தயார். தலைவர் ஒருவர் தலைகீழாக மூன்று மாதம் படுத்திருந்தார், புல் செத்துவிட்டது.

#24 கோடப்பமந்து மருமகள்

லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஜோடி ஜோடியாகக் குட்டி இலை தெரிந்தால் நாற்று. வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் பாசி, தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு மேலே மெல்லிய மணல் தூவிக் காற்றுப் படும்படி வையுங்கள். ஆஸ்பெக்கியா தாமதமாகத்தான் வரும், பெட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

#25 வேர்ப்பிடி

டி.ஏ.பி. வேணாம் சார். ஒரு பையைக் கவுத்துத் தட்டி எடுத்துப் பாருங்க. வெள்ளை வேர் அடிவரைக்கும் போய் வளைஞ்சிருந்தா அது நல்லா இருக்குன்னு அர்த்தம், பெரிய பைக்கு மாத்துங்க. வேர் பாதியிலயே நின்னிருந்தா தண்ணி அதிகம், குறைங்க. கிலுகிலுப்பையை இந்த செப்டம்பர்லயே நடலாம், அதுக்கு வேர் வேகமா இறங்கும், பையில ரொம்ப நாள் வச்சா சுருண்டுரும். மத்ததை அடுத்த வருஷத்துக்கு வைங்க. இப்போதைக்குப் பாத்தியில புல்லை மட்டும் நட்டுடுங்க, வெறும் மண்ணா விட்டு ஐப்பசி மழையைப் பாக்காதீங்க.

#26 கட்டபெட்டான்

சரி. நட்டபின் பனிக்கு மூடணுமா? காய்ந்த தண்டை எப்போது வெட்டுவது? சுத்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டில் கத்தரியோடு காத்திருக்கிறார்கள்.

#27 பெருமாள்மலை டீச்சர்

முதல் குளிர்காலம் மட்டும் மாலையில் மிலார் குழையோ வைக்கோலோ மேலே போட்டு, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். அந்தக் கோடையில் வாரம் ஒரு முறை, அடியில், நன்றாக நனையும்படி தண்ணீர். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும்.

கத்தரியை மார்ச் வரை ஒளித்து வையுங்கள். விதை உதிர வேண்டும், சிட்டுகளும் வந்து பொறுக்கும். கோடை மழைக்கு முன்னால், ஒரு சாண் விட்டு வெட்டினால் போதும். வெட்டியதை எரிக்காமல் அங்கேயே புல்லுக்கு நடுவில் பரப்பிவிடுங்கள்.